மார்சேயில் நான் பார்க்காத சூரியோதயம்

பொய் சொல்கிறவர்களில் ரெண்டு ஜாதி உண்டு. "போயிருக்கேன்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறவன் தப்பித்துவிடுவான். போன இடத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது வரை சொல்கிறவன் மாட்டுவான். நான் இரண்டாவது ஜாதி.

கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். எட்டாவது பெயில். (ரெண்டு வாட்டி. மூணாவது வாட்டி வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டாரு.) இருபத்தாறு வயதில் ஒரு சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் ஒன்பது மாதம் வேலை பார்த்தேன். அந்தக் கப்பல் பிரான்ஸ் தேசத்தில், மத்தியதரைக் கடல் ஓரம், மார்சேய் என்கிற ஊரில் மூன்று நாள் நின்றது. எல்லாரும் குளித்து, சென்ட் அடித்து, ஊர் சுற்றக் கிளம்பினார்கள். எனக்கு மட்டும் இறங்குகிற சீட்டு வரவில்லை. தலைமைச் சமையல்காரர் ஒரு மூட்டை வெங்காயத்தை என் முன்னால் வைத்துவிட்டு அவரும் போய்விட்டார். வட்ட ஜன்னல் வழியாக ஒரு கிரேன் தெரிந்தது. தூரத்தில் ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு கோயில். கண்ணில் வெங்காயத் தண்ணீரோடு பார்த்ததால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. நான் கண்ட மார்சேய் அவ்வளவுதான்.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் எல்லாரும் "அங்க இன்னாடா பாத்த" என்று கேட்டார்கள். வெங்காயம் என்றா சொல்ல முடியும்? கடைத்தெரு, கடற்கரை, குன்றுக் கோயில் என்று ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் அந்த ஊர் தெருவெல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. அந்தக் கதை அப்படியே கரையோரமாக நடந்து சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு மீன் வியாபாரி தன் பெண் கோமதிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். "பையன் உலகம் பாத்தவன்" என்று அவருக்கு என்னைப் பிடித்துப்போனது. எனக்குக் கோமதியைப் பிடித்துப்போனது. கொச்சியில் மீன் கம்பெனியில் ரெண்டு வருஷம் வேலை பார்த்த பெண். பெண் பார்க்கப் போன அன்று நான் மார்சேய் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். (மூஞ்சப் பாரு.)

மாசி மாதம் நிச்சயம் என்று முடிவானது. அதற்குப் பத்து நாள் முன்னால் கோமதியின் அண்ணன் தாமு போன் செய்தான். சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எதையும் எழுதிவைத்துச் செய்கிற ஆள்.

"மாப்ள, ஆபீஸ்ல என்ன வெளிநாடு அனுப்புறாங்க. நிச்சயத்துக்கு இருக்க முடியாது, வருத்தம்தான். ஆனா எந்த ஊரு தெரியுமா? உன் ஊருதான். மார்சேய்."

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"எங்க போணும், எப்ப போணும், எல்லாம் சொல்லு. எழுதிக்கினு கீறேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டு மாமல்லபுரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சுற்றுலாத் தலம் அதுதான். மீனை நாமே பார்த்து வாங்கி எந்த ஓட்டலில் கொடுத்தாலும் வறுத்துத் தருவான் என்றேன். என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேள் என்றேன். குன்றுக் கோயிலுக்குப் போனால் செருப்பைக் கீழேயே விட்டுவிடு என்றேன். கடைசியாக, யாரும் கேட்காமலே, "விடியகாலைல பீச்சுக்குப் போ மச்சான். கடல்லேர்ந்து சூரியன் மேல வரும் பாரு, அத நானு மூணு நாளும் விடல" என்றேன்.

போன ரெண்டாம் நாள் தாமு போன் செய்தான். துறைமுகத்து மீன் சந்தையில் பாதி விலைக்குக் கேட்டிருக்கிறான். அந்த அம்மா சிரித்துவிட்டு முழு விலை வாங்கியிருக்கிறாள். அந்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு நாலு ஓட்டல் ஏறி இறங்கியிருக்கிறான்.

"ஒருத்தனும் வறுக்க மாட்டேன்றான் மாப்ள. கோயில்ல ஷூவக் கழட்டிட்டுப் போனேன், தரை ஐஸ் மாரி கீது. என்னத் தவிர யாரும் கழட்டல."

"ஷூ இருந்துச்சா?"

"வெச்ச எடத்துலயே இருந்துச்சு."

"அதான் அந்த ஊரு."

"நீ வந்துட்டுப் போனப்புறம் ஊரு ரொம்ப மாறிட்ச்சி போல மாப்ள" என்றான். அவன் அவ்வளவு நல்லவன்.

நிச்சயத்தன்று பெண் வீட்டு வாசலில் பந்தல். பிரியாணி தம்மில் இருந்தது. தட்டு மாற்ற வேண்டிய நேரம், பதினொன்றரை. அந்த நேரம் பார்த்துத் தாமு வீடியோ காலில் வந்தான். அங்கே காலை ஏழு மணி. மாமனார் பெருமையாக அதை டிவியில் போட்டுவிட்டார். பந்தல் முழுக்க டிவியில் மார்சேய் கடற்கரை. தாமு மட்டும் இல்லை, அவன் மேனேஜரும் இன்னும் அஞ்சு பேரும் குல்லா போட்டு, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

"மாப்ள, நீ சொன்னேன்னு எல்லாரையும் இட்டுனு வந்தேன். வெளிச்சம் வந்துட்ச்சி, சூரியனக் காணோம்."

"மேகமா இருக்கும் மச்சான். வெய்ட் பண்ணு."

"மேகமே இல்ல. எங்க நெழலு நீட்டமா கடல் பக்கம் விழுது."

பந்தலில் நூறு பேர் இருந்தார்கள். எல்லாரும் கடலில் பிழைப்பவர்கள். பிறந்த நாள் முதலாக வீட்டு வாசலில் நின்றால் கடல் கிழக்கே, சூரியன் அதிலிருந்து வருவான். நான் அதை நம்பித்தானே சொன்னேன். மாமனாரும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

"டேய் தாமு, சூரியன் கடல்லதான்டா வரும். நீ எங்கனா ஏரிக்கரைல நிக்கிறியா பாரு."

"கடல்தான் நைனா."

"தண்ணிய வாயில வெச்சுப் பாரு."

மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, தாமு குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்து நக்கிப் பார்த்தான்.

"உப்பாதான் கீது நைனா."

பந்தலில் ஒரு பெரியவர், "அப்ப சூரியன்லதான் ஏதோ கோளாறு" என்றார். எனக்கு உயிர் வந்தது. இப்படியே தட்டை மாற்றிவிட்டால் போதும் என்று மடியிலிருந்த வெற்றிலைத் தட்டை இறுக்கிப் பிடித்தேன்.

அப்போது உள் அறை வாசலில் கோமதி வந்து நின்றாள்.

"நைனா, கொச்சில கடல் மேக்கால கீது. சாயங்காலம் சூரியன் தண்ணில போய் விழும், ரெண்டு வருஷம் பாத்தேன். கடலு ஊருக்கு ஊரு மாறும். அங்க போய் நின்னவனுக்கு அது தெரிஞ்சிருக்கும்."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீ எறங்கினியா?"

நூறு தலை திரும்பியது. டிவியில் ஏழு தலை. அந்தப் பெண்ணிடம் இன்னொரு பொய் சொன்னால் கல்யாணத்துக்கு அப்புறமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் எனக்கே அலுப்பாக இருந்தது.

"எறங்கல" என்றேன். "சீட்டு வரல. மூணு நாளும் கப்பல்ல வெங்காயம் உரிச்சினு இருந்தேன்."

டிவியில் தாமு மெதுவாகக் குல்லாவைக் கழற்றினான். மாமனார் என் மடியிலிருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். என் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கப்பலாவது நெஜமா?" என்றார் மாமனார்.

"நெஜம் மாமா."

"இதயும் எப்பிடி நம்பறது?"

பந்தலின் பின்னாலிருந்து சமையல்காரர், "பச்சடிக்கு வெங்காயம் இன்னும் உரிக்கல" என்று குரல் கொடுத்தார்.

கோமதிதான் சொன்னாள். "அந்த மூட்டைய இங்க கொண்டாங்க."

பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். பந்தல் நடுவில் உட்கார்ந்து உரித்தேன். கத்தி பிடித்ததும் கை தானாக ஓடியது. தலையைச் சீவி, வாலைச் சீவி, நடுவில் ஒரு கீறு, தோல் ஒரே இழுப்பில் வரும். ஒன்பது மாதம் செய்த வேலை. சமையல்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார். கூடை நிறைந்ததும், "இவன் கப்பல்ல இருந்தவன்தான்" என்று மாமனாரிடம் சொன்னார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பாதி வெங்காயம், பாதி நான்.

மாமனார் மகளைப் பார்த்தார். அவள், "இது ஒண்ணுதான் அவரு சொன்னதுல நெஜம். இது போதும்" என்றாள். தட்டு மாறியது. அதை வாங்கிய மாமனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கை வாசனை அப்படி.

இப்போது மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். பதினாலு வருஷமாக எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் வெங்காயம் என் பொறுப்பு. நான் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் கோமதி, "எறங்கினியா?" என்பாள். இப்போது என் மகளும் கேட்கிறாள். தாமு ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்து, "மாப்ள, இன்னிக்கி சூரியன் எந்தப் பக்கம்?" என்கிறான்.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி வேனில் ஏறினார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். மார்சேய் என்றார்கள். சாயங்காலம் தங்கள் ஊரில் சூரியன் கடலில்தான் மறையும் என்று கையைக் காட்டிச் சொன்னார்கள். நான் வாயையே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன்.

"நெஜமாவே அந்த ஊரு ஆளுங்களா?" என்றாள்.

"ஆமா. அங்கயே பொறந்து வளந்தவங்க."

"மாமல்லபுரத்துல எறங்கினாங்களா?"

"எறங்கினாங்க. நாந்தான் எறக்கி வுட்டேன்."

"அப்ப அவங்க ஊருக்குப் போய் நம்ம ஊரப் பத்தி இன்னா சொன்னாலும் நம்பலாம்" என்று சொல்லிவிட்டு, அரிவாள்மணையை என் பக்கம் தள்ளினாள்.