மூடி இல்லாத பைப்

"ஜூன் 12, வியாழன். மாடியில் சோலார் பைப்பின் மேல்வாய்க்கு மூடி போட மறந்திருக்கிறேன். சின்னத் தவறுதான். அப்படித்தான் நினைக்கிறேன்."

டைரியில் இதை எழுதி வைத்துவிட்டு அமிர்தா மாலை வகுப்புக்குக் கிளம்பினாள். எலக்ட்ரீஷியன் வகுப்பு. அங்கே படித்ததை நம்பித்தான், வீட்டின் பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டபோது, மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை பின்னால் வயர் இழுக்க வெறும் பைப் ஒன்றைக் கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்தாள். சோலார் என்றைக்கு வருமோ தெரியாது. வரும்போது தளத்தை உடைக்க வேண்டாம்.

பக்கத்தில் பட்டுத் தறி ஷெட் வைத்திருக்கும் வீரபாகுவும் கூரை மாற்றி இதே போல் பைப் போடப் போகிறார். "சனிக்கிழமை வந்து பாக்கறேன். உன் பைப்புல மேல விட்ட கயிறு அடைப்பில்லாம கீழ வந்துச்சுன்னா ஷெட்டு வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அமிர்தாவுக்கு வரவிருக்கும் முதல் வேலை அது.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகையாக, நுனியில் நட்டு கட்டிய கயிற்றை மேலிருந்து விட்டாள். கீழே கயிறு வரவில்லை. எறும்பு வந்தது.

"நிறுத்துடி," என்றாள் மீட்டர் பெட்டி அருகே நின்றிருந்த அம்மா ஜெயவதி. "உள்ள எத்தினி உசுரு இருக்குதோ. நசுக்கிடாத."

சமணக் குடும்பம். மருந்தும் கிடையாது, வெந்நீரும் கிடையாது. எறும்பாகப் பார்த்துப் போனால்தான் உண்டு.

"மேல சக்கரை வெச்சா வெளிய வந்துடும்பா."

"வெச்சுப் பாரு," என்றார் அப்பா ஸ்ரீபால்.

பைப் வாய்க்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சர்க்கரை வைத்தாள். அரை மணி நேரத்தில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் புதிய எறும்புகள் சாரை சாரையாக வந்தன. சர்க்கரையை எடுத்துக்கொண்டு நேராகப் பைப்புக்குள் குடிபோயின.

"நீ பத்திரிகை வெச்சது ஊர் பூரா தெரிஞ்சு போச்சு," என்றார் அப்பா. "நவுரு. நான் பாக்கறேன்."

அவர் கீழ்வாயில் பெருங்காயத் தூளைப் போட்டு, சைக்கிள் பம்பை வைத்து அடித்தார். வாசனைக்கு மேலே ஓடும் என்பது அவர் கணக்கு. எறும்புகள் கீழே ஓடி வந்தன. மீட்டர் பெட்டியைச் சுற்றி, சுவரோடு போய், சமையலறையில் அரிசி டிரம்முக்குள் இறங்கின.

"இன்னா பண்ணி வெச்சுகினு இருக்கீங்க ரெண்டு பேரும்," என்றாள் அம்மா.

ஒரு எறும்பும் சாகாமல் அரிசியைப் புடைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டிய பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

"பட்டினின்னு சொல்லாத," என்றார் அப்பா, படுக்கையை விரித்தபடி. "விரதம்னு சொல்லு. புண்ணியமாவது கிடைக்கும்."

ஒரு சின்ன மூடிக்காக மூன்று பேர் பட்டினி. இந்த லட்சணத்தில் நமக்கு எதற்கு அடுத்தவர் கூரை என்று நினைத்துக்கொண்டே அமிர்தா புரண்டு படுத்தாள்.

சனிக்கிழமை வீரபாகு மாடிப்படி ஏறி வந்தார். கயிறு சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை.

"மாமா, மூடி போட மறந்துட்டேன். உள்ள பூரா எறும்பு. கயிறு விட முடியல."

வீரபாகு பைப் வாயை எட்டிப் பார்த்தார். எறும்பு வரிசை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி, அவருடைய ஷெட் சன்னலில் போய் முடிந்தது.

"இது நம்ம ஷெட்டு எறும்பு," என்றார்.

அமிர்தா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "இப்பவே மூடி வாங்கியாந்து போட்டுடறேன் மாமா."

"தறியில பாவு நூலுக்குக் கஞ்சி போட்டா போதும், மொய்ச்சிடும். வருஷக்கணக்கா பேஜார். நேத்துலேர்ந்து ஒண்ணக் கூட காணோம், எங்க போச்சுன்னு தேடிகினு இருந்தேன்." குனிந்து சர்க்கரைக் கிண்ணத்தைப் பைப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "கயிறு கெடக்குது, விடு. திங்கக்கிழமை ஷெட்டு வேலைக்கு வந்துடு. அங்க மட்டும் மூடி போட்டுடும்மா. உன்னுது, சோலார் வர்ற வரைக்கும் தொறந்தே இருக்கட்டும்."

"ஜூன் 14, சனி. நாளை மூடி இரண்டு வாங்க வேண்டும். ஒன்று வீரபாகு மாமா ஷெட் பைப்புக்கு. இன்னொன்று அரிசி டிரம்முக்கு."