வண்டியே வராத பாதை பற்றி எனிட் அக்காவுக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த எனிட் அக்காவுக்கு,

தம்பி கிளெமென்ட் எழுதுவது. ஹல் நகரில் நீயும் அத்தானும் அந்தக் கிழட்டுப் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். வேறு சமயமாக இருந்தால் "சுகமாக" என்றே எழுதியிருப்பேன். இந்த வாரம் இதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. என் வீட்டுக்காரி மேவிஸ் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வசந்த காலத்தில் மேவிஸின் இதயத்தில் சின்னக் குழாய் ஒன்று வைத்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், சிரித்த முகம், பொறுப்பே இல்லாதவள், "நல்லா நடங்க, சைக்கிள் ஓட்டுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பயப்படாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையில் கிடைக்குமா? மேவிஸ் அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டு, தடித்த டயர் போட்ட சரளைப்பாதை சைக்கிள் இரண்டை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். கூடவே ஒரு வரைபடம். இங்கே நார்தம்பர்லாந்தில் காட்டுக்குள்ளும் மேட்டு வெளியிலும் வண்டி வாகனமே வராத சரளைப்பாதைகள் எல்லைவரை போகின்றனவாம், இங்கிலாந்திலேயே நிம்மதியான இடமாம். அக்கா, உனக்கே தெரியும், நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஓட்டுநர் உரிமத் தேர்வாளன். எவனெவனோ ஓட்டிய காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பென்ஷன் வரை வந்து சேர்ந்தவன். வண்டிகளைக் கண்டு எனக்குப் பயம் இல்லை. வண்டி இருக்கிற இடத்தில் விழுந்தால் திட்டுவதற்காவது ஒருவன் நிறுத்துவான். வண்டியே வராத இடத்தில் விழுந்தால் யார் நிறுத்துவார்கள்? இதை மேவிஸிடம் கேட்டேன். "விழாம ஓட்டு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். அவள் பையில் ஸ்கோன் என்கிற சீஸ் பன் இரண்டும் ஒரு பிளாஸ்க் தேநீரும். என் பையில் அவளுடைய மாத்திரைகள், அதே மாத்திரைகள் தொலைந்தால் இன்னொரு பட்டை, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, கட்டுத்துணி, குளிரில் மயங்கினால் போர்த்துகிற வெள்ளித்தாள், ஒரு விசில். பக்கத்துப் பண்ணைக்காரி தெர்சா டாட் அவள் நிலத்தின் கதவருகே நாலு சக்கர பைக்கில் உட்கார்ந்திருந்தாள், கூட டிப் என்கிற நாய். அன்றைக்கு மேட்டிலிருந்து ஆடுகளைக் கீழே இறக்குகிற நாளாம். என் பையைப் பார்த்துவிட்டு, "எவரெஸ்டுக்கா?" என்றாள். பிறகு வானத்தைப் பார்த்து, "மத்தியானத்துக்கு மேல மூடிக்கும், சீக்கிரம் திரும்பிடுங்க" என்றாள். நான் அப்போதே திரும்பத் தயாராக இருந்தேன். மேவிஸ் கதவைத் திறந்துவிட்டாள்.

காட்டுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், உள்ளே பகலிலேயே இருட்டு, டயருக்கு அடியில் சரளை நொறுங்குவதைத் தவிர ஒரு சத்தம் இல்லை. நின்றால் பொடிப்பூச்சி காதுக்குள் போகிறது, நிற்காவிட்டால் மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் முறைப்படி கையை நீட்டிச் சைகை காட்டினேன். மேவிஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "யாருக்குக் காட்டுற, மரத்துக்கா?" என்றாள். சிரித்தபடி ஏற்றத்தில் ஏறுகிறாள், அக்கா, அறுபத்தெட்டு வயதில், மார்பில் குழாயோடு. நான் பின்னாலேயே "நெஞ்சு வலிக்குதா? கை மரத்துப்போகுதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். காடு முடிந்து ஊதா நிற ஹெதர் செடிகள் பூத்துக் கிடக்கிற மேட்டு வெளி தொடங்குகிற இடத்தில் அவள் சைக்கிளை நிறுத்தினாள்.

"கிளெம், என் பின்னாடி மூச்ச எண்ணிக்கிட்டு வராத."

"நான் எண்ணல. சும்மா கேட்டேன்."

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுலேர்ந்து நீ என்னைப் பொண்டாட்டியா பாக்கல. எப்ப வெடிக்குமோன்னு ஒரு வெடிகுண்டப் பாக்குற மாதிரி பாக்குற. நான் முன்னாடி போறேன். மரப்பாலத்துகிட்ட நிக்கிறேன். மெதுவா வா."

போய்விட்டாள். நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அவள் என் கையில் திணித்துவிட்டுப் போன ஸ்கோனைக் கோபத்தில் தின்றேன். அதைத் தின்று முடிப்பதற்குள் மூடுபனி வந்து மூடிவிட்டது. தெர்சா மத்தியானத்துக்கு மேல் என்றாள், மேகத்துக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது. எதிரே இருந்த குன்றைக் காணோம். பிறகு பாதையைக் காணோம். என் சைக்கிளின் முன்சக்கரம் மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனேன். பாலம் வந்தது, பாலத்தில் மேவிஸ் இல்லை. கூப்பிட்டேன். ஈரக் கம்பளியில் வாயை வைத்துக் கூப்பிட்ட மாதிரி சத்தம் அங்கேயே செத்துப்போனது.  ஏதோ ஒரு திருப்பத்தில் அவள் மல்லாந்து கிடப்பது போலவும், நான் பக்கத்திலேயே நடந்து தாண்டிப் போய்விட்டது போலவும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. மாத்திரை முழுக்க என் பையில் இருக்கிறது. அவளிடம் ஒன்றுகூட இல்லை. அதை நினைத்ததும் விசிலை எடுத்து உயிர்போக ஊதினேன்.

விசிலுக்கு மேவிஸ் வரவில்லை. டிப் வந்தது. மூடுபனிக்குள்ளிருந்து தரையோடு தரையாகப் பதுங்கி வந்து, என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் ஒரு பக்கம் நகர்ந்தால் அது அந்தப் பக்கம் வந்து படுத்தது. மறுபக்கம் நகர்ந்தால் அங்கே வந்தது. பயத்தில் மறுபடி ஊதினேன். ஆடு ஓட்டுகிற நாய்க்கு விசில்தான் கட்டளை என்று எனக்கு அப்போது தெரியாது, ஊத ஊத அதற்கு வேலை அதிகமானது. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ கருமுகத்து ஆடுகள் ஒரு கூட்டமாக வந்து என்னைச் சூழ்ந்துகொண்டன, நடுவில் நான், கையில் சைக்கிள், பின்னால் அந்த நாய். கௌரவமான அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவனை ஆட்டோடு ஆடாக ஓட்டிக்கொண்டு போய், வட்டமாகக் கல் அடுக்கிய ஒரு பட்டிக்குள் அடைத்துவிட்டு வாசலில் படுத்துக்கொண்டது. பின்னாலேயே நாலு சக்கர பைக் வந்து நின்றது.

"எந்த முட்டாப்பய என் நாய்க்கு விசில் அடிக்கிறது? காலையில இருந்து சேத்த மந்தை பாதி அந்தாண்ட ஓடிருச்சு" என்று கத்திக்கொண்டே வந்த தெர்சா, ஆடுகளுக்கு நடுவில் என்னைப் பார்த்ததும் சிரிக்க வாயைத் திறந்தாள். நான், "மேவிஸைக் காணோம்" என்றேன். திறந்த வாய் மூடிக்கொண்டது. "ஏறுங்க" என்றாள்.

பாலத்துக்குக் கொஞ்சம் அப்பால், ஹெதர் புதரில் மேவிஸின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. தெர்சா எஞ்சினை அணைத்தாள். அந்த நிசப்தத்தில், பாதையிலிருந்து விலகி எங்கேயோ, ஒரு குரல் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தது. "மூக்கை மட்டும் தூக்கி வெச்சுக்கம்மா. அவ்வளவுதான். யாராவது வருவாங்க." மேவிஸின் குரல். நான் அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினேன். அழுதேன் என்று அவள் சொல்கிறாள், பனியில் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு ஆடு புதைசேற்றில் கழுத்துவரை இறங்கிக் கிடந்திருக்கிறது. இவள் இழுக்கப் போய்த் தொடைவரை இறங்கிவிட்டாள். அசைந்தால் இன்னும் இறங்கும் என்று புரிந்துகொண்டு, ஆட்டின் தலையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றிருக்கிறாள். தெர்சா பட்டியின் மரக்கதவைக் கழற்றி வண்டியில் கொண்டுவந்து சேற்றின் மேல் கிடத்தினாள். பிறகு ஒரு கயிற்றின் நுனியை வண்டியில் கட்டி, மறுநுனியை என் கையில் கொடுத்தாள். "நீங்கதான் போகணும். எனக்கு இடுப்புல புது மூட்டு, நான் படுத்தா எழுப்ப கிரேன் வரணும். கதவு மேல குப்புறப் படுத்து ஊர்ந்து போங்க, நிக்காதீங்க" என்றாள்.

போனேன், அக்கா. அந்தக் கதவு எனக்கு அடியில் மெல்லக் கீழே இறங்குவது வயிற்றில் தெரிந்தது. கறுப்புத் தண்ணீர் சட்டைக்குள் வந்தது. கிட்டே போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, "நெஞ்சு வலிக்குதா?"

"கால்தான் சில்லுனு இருக்கு. முதல்ல இதைக் கட்டு."

"முதல்ல நீ."

"கிளெம், இது மூழ்குது. நான் நிக்கிறேன்."

ஆட்டைக் கட்டினேன். அப்போது அவள் கையைத் தொட்டேன். ஆட்டைக் கட்டிய பிறகும் அது பிடியை விடவில்லை. குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்து வெள்ளித்தாளை எடுக்கப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கும் பயம்தான். தினம் படுத்ததும் நெஞ்சுல கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் தூங்குறேன். சொல்ல முடியல. வீட்டுல இருக்குற பயத்தையெல்லாம் நீயே எடுத்துக்கிட்டா நான் எங்க போயி பயப்படுறது?"

நான் கயிற்றை ஆட்டிக் காட்டினேன். அங்கே தெர்சா, "பின்னாடி எடுக்கத் தெரியலன்னு டெஸ்ட்ல என்னை ஃபெயில் பண்ண மனுஷன்தானே நீங்க, இப்ப பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஜெர்க் இல்லாமல், இம்மி இம்மியாக வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஆடு முதலில் வந்தது, நன்றி எதுவும் சொல்லாமல் போனது. அடுத்து மேவிஸ். அவள் அக்குளில் கைகொடுத்து நான் தூக்கிய அந்த நொடியில்தான் என் முதுகில் ஏதோ கிளிக் என்றது. ஒரு காலணியைச் சேறு வைத்துக்கொண்டது. டாக்டர் வந்து மேவிஸைப் பரிசோதித்து, இதயம் பிரமாதமாக இருக்கிறது என்றார். என்னைப் பரிசோதித்துவிட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னார்.

ஆகவே அக்கா, நான் தீர்மானமாக முடிவு செய்துவிட்டேன். இரண்டு சைக்கிளையும் விற்பதாகத் தபால் நிலையத்தில் அட்டை ஒட்டச் சொல்லியாகிவிட்டது. ஹல்லில் உன் வீட்டுக்குப் பக்கத்தில், நல்ல சத்தமான பஸ் ஸ்டாப் ஒட்டி, மாடிப்படி இல்லாத ஒரு வீடு பார்த்து வை. மனிதன் வாழ்வது வண்டிகளுக்கு நடுவில்தான் என்று எனக்குப் பட்டுவிட்டது. அத்தானுக்கு என் வணக்கம். அவர் மூட்டு வலி சீக்கிரம் குணமாகட்டும், உங்கள் கூரை இந்தக் குளிர்காலமாவது ஒழுகாமல் இருக்கட்டும், உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
கிளெமென்ட்

பி.கு.: வீடு பார்க்க வேண்டாம். நான் அயர்ந்த நேரத்தில் மேவிஸ் இதை எடுத்துப் படித்துவிட்டாள். நாய் வருகிற இடத்தில் அவள் சத்தமாகச் சிரித்ததில் விழித்துக்கொண்டேன். சேற்றில் அவள் சொன்னதை நான் எழுதிய பக்கத்தோடு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, "கிளெம், இன்னிக்கு எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. காரணம்லாம் தெரியல. காட்டு முனை வரைக்கும் போயிட்டு வரலாமா, நீ கூட வர்றியா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பயத்துக்கு என்னைத் துணை கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சைக்கிள் வாங்க வந்த ஆளிடம் இரண்டும் விற்றுப்போயின என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது. பயமும் குறையவில்லை, ஆனால் அதில் பாதி இப்போது அவளுடையது. வெளியே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறாள். ஆளே இல்லாத பாதையில் வேறு யாருக்காக அடிப்பாள், நான் போகிறேன்.