தேக்கு என்றார் புகழேந்தி

உப்புத்தாளை நகர்த்திவிட்டுத் தூசியை ஊதிய புகழேந்திக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அலமாரியின் மேற்பரப்பில், நல்ல பழுப்பு நிறத்துக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது.

"ஏங்க, தேக்குக்குள்ள ரவை இருக்குமா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள் மனைவி அருணாதேவி.

புகழேந்தி அரசுப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். தட்டு, டம்ளர் வைக்க இடுப்புயரத்தில் ஒரு சைடுபோர்டு வேண்டும் என்று அவள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். செங்கம் ரோட்டுப் பழைய சாமான் கடையில், 'நல்லதா ஒண்ணு வந்தா அனுப்புங்க' என்று சொல்லி வைத்திருந்தார். பௌர்ணமிக்கு முந்தின நாள் இந்த அலமாரி லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "அசல் தேக்கு. மெருகேத்திட்டா இந்தத் தெருவுலயே இப்படி ஒண்ணு இருக்காது" என்றார். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற மைத்துனருக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டார்.

இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது வெனீர். தேக்கை மெல்லிசா சீவி மேல ஒட்டியிருக்கான். உள்ள மரத்தூள் பலகை."

"முகர்ந்து பார்த்தீங்களே?"

"மேல தேக்குதானே? மூக்கு தப்பு பண்ணல."

திட்டை மறைக்கச் சாயம் வாங்கி வந்தார். பூசுவதற்கு முன்னால் சுத்தமாக இருக்கட்டும் என்று ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தார். உள்ளே இருந்த மரத்தூள் அத்தனை ஈரத்தையும் குடித்துவிட்டது. மறுநாள் காலையில் வெனீர் ஓரமெல்லாம் கிளம்பி நின்றது.

தூசி மாடி வரைக்கும் போயிருக்க வேண்டும். வீட்டுக்காரம்மா ஜோதியம்மாள் இறங்கி வந்தார். சுவரில் ஒரு ஆணி அடித்தால்கூட மாடியிலிருந்தே சத்தத்தை எண்ணிவிடுகிறவர்.

"இன்னா சார், பலகைக்கு ஜுரமா? தோலு உரியுது."

"ஓரம் மட்டும்தாம்மா. ஒட்டிடுவேன்."

"சூடு காட்டுங்க. அடியில இருக்கிற பழைய பசை இளகிப் பிடிச்சுக்கும். இஸ்திரிப் பெட்டி தரட்டுமா?" அவர் குரலில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தால், டி.வி. சீரியலை விட்டுவிட்டு வந்தவர் போலிருந்தது.

இஸ்திரிப் பெட்டி வந்தது. ஓரம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நடுப்பகுதிதான் அப்பளம் மாதிரி உப்பியது.

"கீறிவிட்டு பசை ஊத்துங்க. மேல கனமா எதையாச்சும் வைக்கணும்" என்றார் ஜோதியம்மாள். "என் அம்மிக்கல்லை எடுத்துக்குங்க. ஆனா பத்திரம் சார். அது எங்கம்மா வீட்டுச் சீர்."

புகழேந்தி அம்மியை மார்போடு அணைத்துக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கினார். உப்பலைக் கீறினார். பசையை ஊற்றினார். போதாதோ என்று இன்னும் ஊற்றினார். அம்மியை ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனார்.

சாயங்காலம் வந்து தூக்கினால் அம்மி வரவில்லை.

"நடுவுல ஒரு பேப்பர் போட்டிருக்கலாம்" என்றாள் அருணாதேவி.

"அதை காலையில சொல்லியிருக்கலாம்."

"நீங்க தாவரவியலாச்சே, நான் இன்னா சொல்றது?"

புகழேந்திக்கு வியர்த்தது. அலமாரி போனால் மைத்துனர் ஒரு நாள் சிரிப்பார். அம்மி போனால் வீட்டையே காலி பண்ண வேண்டியிருக்கும். கரண்டியை அடியில் விட்டு நெம்பினார். நகரவில்லை. கடைசியில் புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சை அடக்கி இழுத்தார்கள். 'டர்ர்' என்றது. அம்மி வந்துவிட்டது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு, அலமாரியின் பாதித் தேக்கும் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஜோதியம்மாள் ஓடி வந்தார். அம்மியைக் கையால் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை. பிறகுதான் அலமாரியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அலமாரி போனா போவுது, வுடுங்க சார். என் அம்மிக்கு ஒண்ணும் ஆவலையே, அது போதும். இதை உடைச்சு அடுப்புக்குப் போட்டுடுங்க. வெந்நிக்கு ஆவும்."

புகழேந்திக்கும் மனசு லேசானது. உரிக்க மிச்சமிருந்த வெனீரையும் ஜோதியம்மாளே பிய்த்துக் கொடுக்க, மூன்று பேருமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் வேணு தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார், கிரிவலக் கூட்டத்துல வண்டி வுடல, அதான் லேட்டு. அன்னைக்கு மேல எறக்க வேண்டியதைக் கீழ எறக்கிட்டேன். அது மாடி வீட்டம்மாவுக்கு அவங்க பொண்ணு வாங்கி அனுப்பினது. உங்களது இதோ, வண்டியில இருக்கு."