தாய்மாமனும் பஸ் ஹாரனும்

உலகத்தில் தானாக நின்ற கார் என்று ஒன்று கிடையாது. புத்தி நின்றுபோனவர்களின் கார்தான் நிற்கும். காரைத் தள்ளுகிறவன் கார் வாங்கியிருக்கக் கூடாது, தள்ளுவண்டி வாங்கியிருக்க வேண்டும். மதுரை கே.கே. நகர் சூரியபிரகாஷ் இந்தத் தத்துவத்தைத் தினமும் காலையில் மாடியில் நின்றபடி, கீழே பழைய வேனைத் தள்ளிக்கொண்டிருக்கும் பாதுஷா பாய்க்கு எடுத்துச் சொல்வான். பாய்க்கு மூச்சு வாங்குவதால் இதுவரை மறுப்பு வந்ததில்லை.

அந்தச் சூரியபிரகாஷின் கார், சோழவந்தான் போகிற வழியில், இண்டிகேட்டர் போட்டதும் வைப்பரை ஆட்டியது. மழை கிடையாது. சித்திரை வெயில்.

"ஏங்க, இண்டிகேட்டர் போட்டா வைப்பர் எதுக்கு ஆடுது?" என்றாள் மனைவி அஸ்வினி, மடியில் சீர்த்தட்டோடு.

"எர்த் சரியில்ல. சின்ன விஷயம்."

"போன வாரம் யூடியூப் பாத்து நீங்களா பஸ் ஹாரன் மாட்டுனீங்களே, அதனால இருக்குமோ?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஓரமாக நிறுத்தி, ஒரு ஃபியூஸைப் பிடுங்கினான். வைப்பர் நின்றது. பஸ் ஹாரன் ஆரம்பித்தது. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான், ஹாரன் அதைச் சட்டை செய்யவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் ஒதுங்கி வழிவிட்டது.

பானட்டைத் திறந்தான். பேட்டரி முனையில் கோலமாவு கொட்டியதுபோல வெள்ளை பூத்திருந்தது. ஸ்பேனரால் நன்றாகச் சுரண்டினான். ஒயரின் பிடிமானம் உடைந்து கையோடு வந்தது. ஹாரன் நின்றது. கூடவே மற்ற எல்லாமும் நின்றது.

"சரியாப் போச்சு" என்றாள் அஸ்வினி.

போன் அடித்தது. தங்கை தாமரைச்செல்வி.

"அண்ணே, எங்கண்ணே இருக்க? மாமன் மடியில வச்சுத்தான பிள்ளைக்குக் காது குத்தணும்! நல்ல நேரம் முடியப்போகுது. நீ வராம விட்டா இந்த வீட்ல நான் காலம் பூரா பேச்சு வாங்கணும்ணே."

"இந்தா வந்துட்டேன்த்தா!"

கோயில் பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் டிக்கி நிறையச் சீர்வரிசை. அதை நடுரோட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு போகிற தாய்மாமனை மதுரை ஜில்லா மன்னிக்காது.

அப்போது டிவிஎஸ் ஃபிப்டியில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"என்ன தம்பி, நின்னுருச்சா?"

"நிக்கலண்ணே. நிப்பாட்டி வச்சிருக்கேன்."

"அப்பச் சரி. எனக்கு ஒரு சோலி கெடக்கு, வாரேன்."

"அண்ணே, அண்ணே! நான் தாய்மாமன்ணே. நான் போகலைன்னா அந்தா தெரியுதே பந்தல், அங்க காதுகுத்தே நடக்காது. ஒரு கை குடுங்கண்ணே!"

பெரியவர் பந்தலைப் பார்த்தார். சூரியபிரகாஷைப் பார்த்தார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.

"உங்க சோலி கெட்டுறாதா?" என்றாள் அஸ்வினி.

"அது எங்கயும் போயிராது தாயி."

அஸ்வினி பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். "நீங்க தள்ளலையா?"

"உள்ள ஒருத்தன் இருந்து யோசிக்கணும்ல" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

அவன் யோசிக்க, அவர்கள் தள்ள, கார் ஊர்வலம்போலப் பந்தலுக்குள் நுழைந்தது. தாமரைச்செல்வி ஓடி வந்தாள். சூரியபிரகாஷ் குனிந்த தலையோடு இறங்கினான்.

"மன்னிச்சிருத்தா. இம்புட்டு நேரமானது என்னாலதான்."

"ஒன்னாலயா? போன் பண்ணுன பெறகு ஒன்னையத் தேடக்கூட இங்க யாருக்கும் நேரமில்லண்ணே! என் மாமியா வீட்ல ஏற்பாடு பண்ணுன, காது குத்துற ஆசாரியக் காணோம். அவுகளே முழிச்சிக்கிட்டு நிக்கிறாக, என்னைய என்னத்தப் பேச? அந்த மனுசன் போனும் எடுக்க மாட்டேங்குறாரு!"

காருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மூச்சு வாங்கியது.

"ரெண்டு கையும் காரு மேலல்ல இருந்துச்சு, எங்கிட்டுத் தாயி எடுக்க?"

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பு மடிப்பிலிருந்து மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே தங்கக் கம்பி மின்னியது.

"தாய்மாமன் வராம நான் மட்டும் முன்னால வந்து யாரு காதக் குத்த?"

களைப்பு அடங்க அவருக்கு மோர் கொடுத்தார்கள். பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து, ஊரே கேட்க அழுதது. சூரியபிரகாஷ் நன்றி சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் பிள்ளையின் அழுகைதான் கேட்டது.

சாப்பாடு முடிந்ததும் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆசாரியின் டிவிஎஸ் நின்ற இடத்தைத் தாண்டி, அடுத்த திருப்பத்தில்தான் கடை. அஸ்வினி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "ஏறுங்கண்ணே" என்று ஆசாரியை முன்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான் சூரியபிரகாஷ். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காரின் பின்பக்கம் போனான்.