ஏணிக்கும் டிக்கெட் எடுத்தவர்

ஹேவாஹெட்ட
9ஆம் திகதி

அன்புள்ள நாவலப்பிட்டி மாமாவுக்கு,

மருமகள் டிலானி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், புதுத் தகரம் போட்ட கூரை எல்லோரும் ஒருவாறு இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். தொலைபேசியில் சொல்லக்கூடியதை இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் "ஆ, சொல்லு" என்றதும் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. இதைத் தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விடயம் அப்பாவின் வழக்கு. மாமிக்கும் வாசித்துக் காட்டுவீர்கள் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். அப்பா கண்டியில் தோட்ட வேலை செய்யும் வீட்டுச் சொந்தக்கார நோனா, எங்கள் கூரை ஒழுகுவதைக் கேள்விப்பட்டு, "ஏணியைக் கொண்டுபோய் வேலை முடிந்ததும் கொண்டு வா" என்று அலுமினிய ஏணியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே மெல்பர்னில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். இங்கே மழை விடவில்லை, கூரை வேலை மூன்று வாரம் இழுத்தது. அதற்குள் கொழும்பிலிருந்து வந்த நோனாவின் மகன் ஏணியைக் காணவில்லை என்று பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டார். தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொலிஸில் அப்பாவைக் கூப்பிட்டு "ஏணியை எடுத்தாயா?" என்றார்களாம். அப்பா, "ஆமாங்க மாத்தியா, தப்புத்தான், மன்னிச்சிருங்க" என்றிருக்கிறார். அதைச் சிங்களத்தில் எழுதி நீட்டியதும், விரல் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அப்பாவின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று வளர்ந்தவர். கங்காணி பெயரைக் கூப்பிட்டாலே, எதற்கென்று கேட்பதற்கு முன் "தப்புத்தாங்க" என்று சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் ஏச்சு பாதியாகும் என்பது அவர் கணக்கு. நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அது வந்துவிடும். போன மாதம் வங்கியில் புத்தகம் பதியப் போனபோதுகூட அந்தப் பெண்ணிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். அவளும் பயந்துபோய்ப் பதிலுக்குக் கேட்டாள்.

நீதிமன்றத்தில் முதல் தவணைக்கு நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆனால் மாமா, குற்றச்சாட்டை வாசித்தபோது நீங்கள் பின்வரிசையில் எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, "மன்னிப்புக் கேளுங்க மச்சான், கேளுங்க" என்று வாயசைத்துக் காட்டினீர்கள். அப்பா கூண்டுக்குள்ளிருந்து அதைப் பார்த்தார். உடனே கும்பிட்டு, "தப்புத்தான் சாமி" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினார். நீதவான் நல்லவர். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக அப்போதே பதியாமல், "முதலில் ஒரு சட்டத்தரணியோடு பேசிவிட்டு வாருங்கள்" என்று சொல்லி, சொந்தப் பிணையில் விட்டு, பதினான்காம் திகதிக்குத் தவணை கொடுத்தார்.

எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் "படிச்ச புள்ள இருக்கே, லோயரோட அது பேசட்டும்" என்றார்கள். நான் படித்தது புவியியல். மலை ஏன் சரிகிறது என்று கேட்டால் ஓரளவு சொல்வேன். ஆனாலும் கண்டியில் சட்ட உதவிக்காரர்களிடம் போனேன். வாசலில் பத்து நிமிடம் நின்றேன், உள்ளே போனேன், வேறு யாருக்கோ உரிய வரிசையில் அரை மணித்தியாலம் இருந்தேன். கடைசியில் அக்குறணையைச் சேர்ந்த பாயிஸா என்ற சட்டத்தரணி கிடைத்தார். நான் மெதுவாகப் பேசியதால் அவரும் ரகசியம் போலக் குனிந்து கேட்டார். மறுநாள் அப்பாவையும் கூட்டிப்போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, ஏணிய எப்பிடி ஊருக்குக் கொண்டு போனீங்க?"

"பஸ்லங்க."

"பஸ்லயா? பட்டப்பகல்லயா?"

"கண்டக்டர் ஏத்த மாட்டேன்னுட்டாரு. ஏணிக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேங்க. தப்புத்தாங்க."

பாயிஸா மெடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லாஹ்! களவெடுத்தவன் ஏணிக்கு டிக்கெட் எடுப்பானா? அந்த டிக்கெட் ஈக்கா?"

இருந்தது. அப்பா எதையும் வீசமாட்டார்.

அவர் விளக்கிய மூன்று விடயங்களை உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் தொலைபேசியில் வேறு மாதிரிச் சொன்னீர்கள். பொலிஸிடம் ஒப்புக்கொண்டதை வைத்து மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. தனக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் கேட்க அப்பாவுக்கு உரிமை இருக்கிறது. மூன்றாவதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஐயா, குத்தம் ஈக்கி எண்டு நிரூபிக்கிறது அவங்கட வேல. நீங்க ஏன் அத அவங்களுக்குச் சும்மா செஞ்சி குடுக்கிறீங்க?"

அப்பா அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே வீட்டில் ஒத்திகை தொடங்கினோம். அம்மா கதிரையில் உட்கார்ந்து நீதவானானார்.

"பழனியாண்டி, ஏணிய களவெடுத்தியா?"

"தப்புத்தாங்க."

"யோவ்! இருவத்தெட்டு வருசமா குடும்பம் நடத்துறேன். இந்த வடிவுகிட்ட ஒரு நாளாச்சும் தப்புன்னு சொல்லிருக்கியா? இந்தக் கதிரையில ஒக்காந்ததும் சொல்ற!"

அதற்குப் பிறகு அம்மா கதிரையை விட்டு இறங்கவில்லை. தேங்காய் உடைக்க மறந்தது, எனக்கு முன்பொருமுறை பார்த்த மாப்பிள்ளை வீட்டாரிடம் உளறியது, போன தீபாவளிக்குச் சேலை மாற்றிக்கொடுக்காதது என்று வரிசையாகக் குற்றம் சாட்டினார். அப்பா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சேலை விடயம் நான் செய்த பிழை. அதையும் அப்பா ஏற்றுக்கொண்டார்.

நான் கேட்டால் மட்டும் அப்பாவுக்கு "இல்ல" என்று சொல்ல வருகிறது. பிள்ளையிடம் யாருக்கும் பயம் கிடையாதே. பாயிஸா மெடமிடம் இதைச் சொன்னதும், "அப்ப நீங்க முன் வாங்கில இருங்க. ஐயா ஒங்கள மட்டும் பாத்துச் சொல்லட்டும்" என்றார். மாமா, நான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவள். இருந்தாலும் இருக்கப் போகிறேன். அப்பா தவறிப்போய் ஒப்புக்கொண்டால், "களவு வழக்குக்காரர்" என்ற பெயரோடு இனி வேலை கேட்டு எந்த வீட்டுப் படலையைத் தட்டுவார்? தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வந்தால் முடிந்தது என்றீர்கள். முடியாது மாமா.

ஆகவே, இதை எழுத இவ்வளவு தாள் ஆகிவிட்டது, பதினான்காம் திகதி நீங்கள் தயவுசெய்து வரவேண்டாம். வந்தாலும் வெளியே தேநீர்க் கடையில் இருக்கவும். உங்களைப் பார்த்தால் அப்பாவுக்குக் கை கூப்ப வந்துவிடும். உங்கள் மீது வைத்த மரியாதை அப்படி.

கதிர்காமத்துக் கந்தன் உங்கள் கடையையும் முழங்காலையும் காக்கட்டும். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

பணிவுடன்,
டிலானி

பி.கு.: இன்று பதினைந்தாம் திகதி. மேலே உள்ளதை உங்களுக்கு அனுப்பக் கூச்சப்பட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். பாதை மண்சரிவில் அடைபட்டதால் நீங்களும் நேற்று வரவில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் வாசிக்கவும். நேற்று முதலில் "உங்கள் பெயர் பழனியாண்டியா?" என்று கேட்டார்கள். அப்பா, "இல்லைங்க!" என்றார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துவிட்டேன். பெயரை ஒருவாறு சரிசெய்து குற்றச்சாட்டை வாசித்தபோதும் நான் நிமிரவில்லை. அப்பா என்னைப் பார்க்காமலே, நீதவானைப் பார்த்து, "நான் எடுக்கலங்க. நோனா குடுத்தாங்க" என்று தெளிவாகச் சொன்னார். இடைவேளையில் நோனாவின் மகன் வந்தார். மெல்பர்னிலிருந்து நோனா பேசி நன்றாக ஏசியிருக்கிறார் போல. வழக்கை முடித்துக்கொள்ளலாம், மூன்று வாரம் ஏணியை வைத்திருந்ததற்கு மட்டும் ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. மன்னிப்புத்தானே, அப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நானும் மெடமும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"கேக்க மாட்டேங்க," என்றார் அப்பா.

வழக்கு விசாரணைக்குப் போகிறது. வரும் மாதம் இருபத்தாறாம் திகதி. நீங்கள் கட்டாயம் வந்து முன்வரிசையில் இருக்க வேண்டுமாம், அப்பாவே சொல்லச் சொன்னார். வரும் வழியில் பஸ்ஸில் அம்மா, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேய்யா" என்று அழுதார். அப்பா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாப்பது வருசமா சொன்னேனே வடிவு. முடிஞ்சுதா?"