எட்டுக் கிலோவுக்குத் தபால் செலவு

"தபால் செலவு என்று நானூற்றெண்பது வாங்கினீர்கள். பார்சலில் ஒரு தபால்தலைகூட இல்லை. விளக்கம் தேவை."

கைப்பேசியில் வந்த இந்த வரிகளை மூன்றாம் முறை படித்தபோது தபால் குமாஸ்தாவுக்குப் பசி போய்விட்டது. திறந்த சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே மூடினார்.

எழுதியவர் இணைய ஏலத்தில் அவரிடம் எட்டுக் கிலோ எடையில் ஒரு ஜோடி உடற்பயிற்சி டம்பெல் எடுத்தவர். பார்சலில் எழுதிய பெயர் மறந்துவிட்டது. ஏலத் தளத்தில் அந்த ஆள் வைத்துக்கொண்டிருந்த பட்டப்பெயர் மட்டும் மறக்கவில்லை: ஒற்றைப்புலி.

டம்பெல் போன விலை இருநூற்றுப் பத்து. தபால் செலவு நானூற்றெண்பது. பொருளை மலிவாகக் காட்டித் தபால் செலவில் பிடித்துவிடுவது ஏலத்தில் விற்கிற பலரும் செய்வதுதான். குமாஸ்தா ஒரு படி மேலே போய், தபால் செலவே செய்யாமல் இருந்துவிட்டார். வரி அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தொன்பது வருடமாக அவர்தான் எல்லாம். தினமும் நாற்பது பார்சல் போகிறது. நாற்பத்தொன்றாவதாக இதையும் முத்திரை இயந்திரத்தில் விட்டார். தபால்தலை இருக்க வேண்டிய இடத்தில் வரித் துறையின் சின்னம் சிவப்பு மையில் பளிச்சென்று விழுந்தது.

யோசனை மனைவியுடையது. துணிச்சலும் அவளுடையதுதான். பயம் மட்டும் அவருடையது.

ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம். அரசாங்கச் செலவில் சொந்தப் பார்சல் அனுப்பினார் என்று ஒரு புகார் வந்தால் வேலை போகும். கூடவே ஓய்வூதியமும் போகும். வீட்டு மளிகைப் பட்டியலைக் கைப்பட அலுவலகக் காகிதத்தில் எழுதிய ஒரு தட்டச்சரையே பிரிவு அதிகாரி அம்மாள் மூன்று மாதம் வீட்டுக்கு அனுப்பியவர்.

குமாஸ்தா தாமதிக்கவில்லை. அந்த நானூற்றெண்பதையும் உடனே ஒற்றைப்புலிக்குத் திருப்பி அனுப்பினார்.

பத்தே நிமிடத்தில் பணம் திரும்பி வந்தது. கூடவே ஒரு செய்தி: "எனக்குப் பணம் வேண்டாம். இனி நமக்குள் எதுவானாலும் ரசீதோடு இருக்கட்டும்."

சாயங்காலம் வீட்டில் அதைப் படித்த மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"பணம் வேண்டாங்கறவன் ரொம்ப ஆபத்தானவன்ங்க."

"நீதானே ஆபீஸ்ல சேர்த்து அனுப்புன்னு சொன்னே?"

"சேர்த்து அனுப்புங்கன்னு சொன்னேன். சிக்கிக்கோங்கன்னா சொன்னேன்?"

மனைவியின் தம்பி சோபாவில் படுத்திருந்தான். ஏலத்தில் பழைய கேமரா வாங்கி விற்கிறவன். தபால் செலவுச் சண்டையில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"மாமா, பயந்தா ஏறி மிதிப்பாங்க. ஒரு மிரட்டு மிரட்டுங்க, ஓடிடுவான்."

"எனக்கு மிரட்டத் தெரியாதே மாப்ளே."

"கோபமா எழுதுங்க, போதும்."

குமாஸ்தாவுக்குக் கோபமாக எழுத ஒரே மொழிதான் தெரியும். இருபத்தொன்பது வருடமாக உறையில் போட்டு ஒட்டிய மொழி அது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டினார்: "தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. இப்பொருள் குறித்துத் தாங்கள் மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டாம். தவறினால் உரிய மேல்நடவடிக்கை எடுக்கப்படும்."

"பிரமாதம் மாமா! எனக்கே வயத்தைக் கலக்குது" என்றான் மச்சினன்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது.

"எல்லாம் தெரிந்துதான் செய்கிறீர்கள் என்று புரிந்துவிட்டது. வக்கீலைப் பார்த்துவிட்டேன். எத்தனை வருடம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

குமாஸ்தா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா இப்படி ஆபீஸ் முத்திரையில அனுப்பறீங்கன்னு கேக்கறான்" என்றான் மச்சினன்.

"இல்லடா. எத்தனை வருஷம் உள்ளே இருக்கத் தயார்னு கேக்கறான்" என்றாள் அக்காள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?" இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் குமாஸ்தா முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். அது பாதியிலேயே உடைந்தது. உண்மையையே எழுதினார்: "அது என் கையில் இல்லை. மேலிடம்தான் முடிவு செய்யும்."

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது: "அப்படியானால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் அலுவலகத்துக்கே வருகிறேன். ஆதாரம் முழுவதும் என்னிடம் இருக்கிறது."

அரசாங்கத்துக்கு நட்டமில்லாமல் செய்துவிட்டால் குற்றமே இல்லை என்று மறுநாள் காலை பேருந்தில் அவருக்குத் தோன்றியது. இறங்கியதும் தபால் நிலையத்தில் சொந்தக் காசில் நானூற்றெண்பதுக்குத் தபால்தலை வாங்கினார். அன்று போக வேண்டிய நோட்டீஸ் உறைகளை இயந்திரத்தில் விடாமல், கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் நனைத்து ஒட்டினார். நாக்கு கசந்தாலும் மனசு லேசானது.

கடைசி உறையை ஒட்டும்போது கதவு திறந்தது. பிரிவு அதிகாரி அம்மாள்.

"என்ன இது? யார் இதுல தபால்தலை ஒட்டச் சொன்னது?"

"மேடம்... அது வந்து... மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது மேடம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" அந்த அம்மாள் அங்கேயே நின்று தொலைபேசியை எடுத்தார். "மெக்கானிக்கா? வெள்ளிக்கிழமை வாங்க. மெஷின்ல இந்த மாசம் எது எது, எவ்வளவு எடையில போயிருக்குன்னு ஒரு முழு லிஸ்டும் எடுத்துக் கொடுங்க."

குமாஸ்தாவின் நாக்கில் கடைசித் தபால்தலை அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மெக்கானிக் வந்துவிட்டான். இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, "இதுக்கு ஒண்ணுமில்லையே சார், குழந்தை மாதிரி இருக்கு" என்றான். பிறகு பட்டியலை ஓடவிட்டான். காகிதம் மெல்ல மெல்ல வெளியே நீண்டது. அதிகாரி அம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நோட்டீஸ், நாற்பது கிராம். நோட்டீஸ், நாற்பது கிராம். கோப்பு, முந்நூறு கிராம். இன்னும் இருபது வரி வந்தால் எட்டுக் கிலோ வரும்.

குமாஸ்தா மேசையடியில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். 'நான் என் தவறை முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறேன்' என்று தொடங்கும் தாள். அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் தானே கொடுத்துவிட்டால் ஓய்வூதியத்தில் பாதியாவது மிஞ்சும். எழுந்து நின்றார். தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மேடம், ஒரு விஷயம்..."

தொலைபேசி அடித்தது. வாசல் காவலாளி. அதிகாரி அம்மாளே எடுத்தார்.

"என்ன? ... யாரு? ... வக்கீலோடவா?" அவர் குமாஸ்தாவை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களைத்தான் கேக்கறாங்களாம். நீங்கதான் வரச் சொன்னீங்களாம். என்ன நடக்குது இங்கே? வாங்க என்கூட."

வாசலுக்கு அறுபது அடி தூரம். சிறைக்குப் போகிறவர்கள் இப்படித்தான் தரையின் ஓடுகளை எண்ணுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபடி குமாஸ்தா நடந்தார். தாள் உள்ளங்கை வியர்வையில் நனைந்து ஊறியது.

வரவேற்பறைப் பெஞ்சில் கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கனத்த உடம்பும் கண்டிப்பான முகமுமாக ஒரு பெண். காலடியில் கயிறு கட்டிய இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குப் பின்னால், பெட்டிகளே மறைத்துவிடும் அளவுக்கு ஒடிசலாக ஒரு மனிதர், கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

ஒற்றைப்புலி!

குமாஸ்தா இரண்டு கையையும் கூப்பினார். "சார், தயவுசெய்து..."

அதே நொடியில் அந்த மனிதரும் இரண்டு கையையும் கூப்பி எழுந்தார். அப்படியே மறுபடி பெஞ்சில் சரிந்தார்.

"என்ன விஷயம்?" என்றார் அதிகாரி அம்மாள்.

அந்தப் பெண் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டிகளைக் காலால் முன்னே தள்ளினார்.

"நானே சொல்லிடறேன் மேடம். டம்பெல் விக்கற மாதிரி வித்து, எங்க விலாசத்தைப் பிடிச்சு, துறை முத்திரையோட இந்த சார் பார்சல் அனுப்பினப்பவே எங்களுக்குச் சந்தேகம், மேல்நடவடிக்கைன்னு எழுதினதும் புரிஞ்சுபோச்சு. ஒன்பது வருஷமா என் வீட்டுக்காரர் வரியே கட்டல, எல்லாக் கணக்கும் இதுல இருக்கு, ஜெயிலுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்னு சாரை நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க!"