நூற்றியொன்றாவது புல்கட்டு

ஒரு காட்டில் உப்பு இருந்த பக்கம் புல் இல்லை, புல் இருந்த பக்கம் உப்பு இல்லை. நடுவில் ஆறு. இந்தக் கரையில் ஒரு கரடு, பாறை இடுக்கெல்லாம் உப்புக்கல். அங்கே முப்பது முயல்கள் குடியிருந்தன. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால், கரட்டில் கடித்துப் பார்க்கக்கூட ஒரு துளிர் கிடையாது. அந்தக் கரையில் எருமை மாரப்பன் இருந்தார். அவருக்குக் கழுத்தளவு புல். ஆனால் நாக்குக்கு உப்பு இல்லாமல், பைத்தியம் பிடித்தவர் மாதிரி மரப்பட்டையை நக்கிக்கொண்டு திரிந்தார்.

மாற்றிக்கொண்டால் விஷயம் முடிந்ததே என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்கு வியாபாரம் தெரியாது என்று அர்த்தம். போன வருஷம் முயல்கள் உப்பு என்று அனுப்பியதில் பாதி சுண்ணாம்புக்கல். மாரப்பன் புல் என்று அனுப்பியதில் பாதி எருக்கஞ்செடி. அதனால் இந்த வருஷம் "முதல்ல உப்பு வரட்டும்" என்று அவரும், "முதல்ல புல் வரட்டும்" என்று இவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். முயல்களின் தலைவி கோமளவல்லிக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். குட்டிகள் அழுவதைக்கூட நிறுத்தியிருந்தன.

அப்போதுதான் புதருக்குள்ளிருந்து உடும்பு ஏகாம்பரம் வந்தார். தொழில், தரகு. பிடித்தால் விடமாட்டார் என்று காடே சொல்லும். அதை அவர் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"தாயி, நீங்க அவரை நம்ப வேணாம். அவரும் உங்களை நம்ப வேணாம்."

"அப்ப யாரைத்தான் நம்பறது அண்ணே?"

"பேங்க்கை நம்புங்க. ஒரு எல்.சி. ஓப்பன் பண்ணிடலாம்."

அவர் விளக்கியது இதுதான். முயல்கள் உப்பைக் குளத்தங்கரை பேங்கில் ஆமை சபாபதியிடம் கட்டிவிட வேண்டும். சபாபதி மாரப்பனுக்கு ஓர் உறுதிக் கடிதம் கொடுப்பார், அதற்குப் பெயர்தான் எல்.சி.: நூறு கட்டுப் புல்லைப் படகில் ஏற்றியதற்கான தாள்களைக் கொண்டு வா, உப்பை எடுத்துக்கொண்டு போ. அந்தத் தாள்களில் படகு ரசீதும் இருக்கும். அதை சபாபதி கோமளவல்லியிடம் தருவார். ரசீதைக் காட்டினால் படகுக்காரர் புல்லை இறக்குவார். யாரும் யாரையும் ஏமாற்ற வழியே இல்லை.

கேட்கக் கேட்கக் கோமளவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அறிவுள்ள பிராணி இத்தனை நாள் எந்தப் பொந்தில் இருந்தது?

"உங்களுக்கு என்ன தரணும் அண்ணே?"

"எனக்கென்னம்மா பெரிசா. ஒவ்வொரு தாளுக்கும் உப்புல ஒரு நக்கு."

அந்தக் காட்டில் தாள் என்றால் பூவரசு இலை, முயலுக்கு எட்டாத உயரத்தில் ஏகாம்பரம் ஏறிப் பறிப்பது. விலைப்பட்டியல், எடைச் சீட்டு, தரச் சான்று, படகு ரசீது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அசல், எட்டு நகல். நகலில் மூன்று பேங்குக்கு, மூன்று வாடிக்கையாளருக்கு, மீதி இரண்டு எதற்கென்று இன்றுவரை தெரியாது. ஏகாம்பரம் தன் பங்கை நக்கி முடிக்க ஒரு பகல் பிடித்தது.

மாரப்பன் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை. எல்.சி. கைக்கு வந்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. நூறு கட்டு நல்ல புல்லாகப் பார்த்து ஏற்றினார். எருக்கு ஓர் இலைகூடக் கலக்கவில்லை. படகு கிளம்பும்போது இன்னொரு கட்டையும் தூக்கி மேலே போட்டார்.

"இது எதுக்குங்க?" என்றார் படகுக்கார நீர்நாய் சங்கிலி.

"புள்ளகுட்டி இருக்கற வூடு. கொசுறா இருக்கட்டும்."

சங்கிலி நேர்மையானவர். எண்ணிப் பார்த்து, ரசீதில் நூற்றியொன்று என்று எழுதினார். அதில்தான் குடி முழுகியது.

மறுநாள் காலை படகு வந்து, கரையிலிருந்து பத்தடி தள்ளி நின்றது. பச்சைப் புல் வாசனை கரடு வரைக்கும் வந்தது. முப்பது முயல்களும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றன. பேங்கில் சபாபதி தாள்களை வாசிக்க ஆரம்பித்தார். ஆமை அல்லவா, உச்சி வெயில் வரைக்கும் வாசித்தார்.

"எல்.சி.யில நூறு. ரசீதுல நூத்தியொண்ணு. முரண்பாடு. ஏத்துக்க முடியாது."

"ஐயா, குறைஞ்சு வந்தா கோவிச்சுக்கலாம். கூடத்தானே வந்திருக்கு?" என்றாள் கோமளவல்லி.

"கூடவோ குறைச்சலோ, ஒத்துப்போகலைம்மா."

"அந்த ஒரு கட்டைத் தூக்கி ஆத்துல போட்டுடச் சொல்லட்டா?"

ஏகாம்பரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, எடைச் சீட்டு பொய்யாயிடுமே!"

"அப்ப நாங்களே அதைத் தின்னுடறோம்."

"சரக்குச் சேதம்னு ஆயிடும் தாயி. அதுக்கு நாம இன்சூரன்ஸ் எடுக்கல. நீங்க கவலையே படாதீங்க, எல்.சி.யைத் திருத்திடலாம்."

திருத்தினார்கள். எல்.சி.யில் நூற்றியொன்று ஆனது. ஆனால் விலைப்பட்டியலில் நூறுதான் இருந்தது, ஏனென்றால் கொசுறுக்கு யாரும் விலை போடுவதில்லை. விலைப்பட்டியலைத் திருத்தி அக்கரைக்கு அனுப்பி, மாரப்பனின் குளம்புத் தடம் வாங்கி வருவதற்குள் எல்.சி. காலாவதி ஆகிவிட்டது. அதை நீட்டித்தார்கள். நீட்டிப்பில் படகின் பெயர் விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் அசல், எட்டு நகல், ஒன்பது நக்கு. சங்கிலி படகை விட்டு அசையவில்லை. பக்கத்தில் போன முயல்களைப் பல்லைக் காட்டி விரட்டினார்.

நாலாம் நாள் கோமளவல்லியின் கடைசிக் குட்டி எழுந்திருக்கவில்லை. முகர்ந்து பார்த்தாள். மூச்சு இருந்தது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் வந்து நின்றார்.

"புது முரண்பாட்டு நோட்டீஸ் வந்திருக்கு தாயி. இது உங்க நகல், மூணு."

கோமளவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடும்பைக் கடிக்கலாம் என்றால் தோல் கெட்டி. நோட்டீஸைப் பிடுங்கி ஒரே கடி கடித்தாள். ஆத்திரம் தீர மென்றாள். மென்று முடித்தபோதுதான் தெரிந்தது, விழுங்கிவிட்டாள் என்று. நன்றாகவே இருந்தது. இரண்டாவது நகலைக் குட்டியின் வாயருகே வைத்தாள். குட்டி கண்ணைத் திறக்காமலே தின்றது. மூன்றாவது நகலைக் கண்ணைத் திறந்துகொண்டு தின்றது.

மறுநாள் பேங்க் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாகக் கோமளவல்லி நின்றிருந்தாள்.

"ஐயா, எங்களுக்கு மூணு நகல் பத்தாதுங்க. நாங்க முப்பது பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு செட் வேணும். அவங்கவங்க படிச்சுப் பாக்கணும்ல?"

சபாபதி ஓட்டுக்குள்ளிருந்து முழுத் தலையையும் வெளியே நீட்டினார். நாற்பது வருஷ சர்வீஸில் தாள் அதிகமாக வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. ஏகாம்பரமோ பூரித்துப்போனார். முப்பது செட் என்றால் எத்தனை நக்கு!

"விவரமான கட்சிக்காரங்க சார்" என்றார்.

அன்றிலிருந்து கரட்டில் எல்லாரும் படித்தார்கள். காலையில் திருத்தம் படித்தார்கள், மத்தியானம் நீட்டிப்பு, சாயங்காலம் தரச் சான்று. ஏகாம்பரம் புதுசு புதுசாகக் கொண்டுவந்தார்: பேங்க் உத்தரவாதம், அந்த உத்தரவாதத்துக்கு மறு உத்தரவாதம், இரண்டுக்கும் சேர்த்து ஓர் உறுதிமொழி. கோமளவல்லி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கொழுந்து இலையா எழுதிக் கொடுங்கண்ணே, முத்தினது படிக்கக் கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். நக்குக் கூலி கொடுக்கக் கரட்டில்தான் உப்புக்குப் பஞ்சமில்லையே. குட்டிகள் மறுபடியும் குதிக்க ஆரம்பித்தன.

அங்கே மாரப்பன் பாடு வேறு. உப்பு எப்போது வரும் என்று கேட்கத் தினமும் ஆற்றை நீந்தி பேங்குக்கு வருவார். "பரிசீலனையில இருக்கு" என்பார் சபாபதி. திரும்பும் வழியில் படகில் தன் புல் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்ப்பார். வயிறு எரியும். எட்டாம் நாள் தண்ணீரில் நின்றபடியே படகுக்குள் வாயை வைத்தார்.

"ஏனுங்க சங்கிலி, தின்னா தப்புங்களா?"

சங்கிலி ரசீதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "இறக்கறதுக்குத்தான் ரசீது வேணுங்க. படகுலயே தின்னக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்ல."

பன்னிரண்டாம் நாள் அந்த அதிசயம் நடந்தது. எல்லாத் தாளிலும் நூற்றியொன்று. தேதி சரி, படகின் பெயர் சரி, குளம்புத் தடம் சரி. சபாபதி மூன்று தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். உப்பு மொத்தமும் மாரப்பன் முதுகில் ஏறியது. படகு ரசீது கோமளவல்லி கைக்கு வந்தது. அவள் ஆற்றங்கரைக்குப் போய் ரசீதைக் காட்டினாள். சங்கிலி மரியாதையோடு வாங்கிச் சரிபார்த்துவிட்டுப் படகைக் கரைக்கு இழுத்தார். படகில் நூற்றியொன்று கயிறு மட்டும் கிடந்தது.

ரசீதோடு அவள் பேங்குக்குத் திரும்பினாள்.

"ஐயா, படகுல புல் இல்லீங்களே."

"இல்லாம இருக்கலாம்மா" என்றார் சபாபதி. "பேங்க் தாளைத்தான் பாக்கும். புல்லைப் பாக்காது. தாள் எல்லாம் சுத்தமா இருக்கு."

ஏகாம்பரம் இரண்டடி பின்வாங்கினார். முப்பது முயல்கள் சேர்ந்து பிராண்டினால் என்ன ஆகும் என்று அவர் தோலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கோமளவல்லி கோபப்படவில்லை. கொழுகொழுவென்று உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டாள்.

"அண்ணே, சரக்கு வரலைன்னு புகார் கொடுக்கணும்னா எத்தனை தாள் ஆகும்?"

"புகார், பதில், பதிலுக்குப் பதில்..." ஏகாம்பரம் விரலை மடக்கினார். "ஒரு செட்டுக்கு முப்பத்தாறு ஆகும் தாயி. மேல்முறையீடு தனி."

"தீர்ப்பு எப்ப வரும்?"

"இந்த ஜென்மத்துல வராது."

கோமளவல்லி கரட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "பசங்களா, மழைக்காலம் வரைக்கும் கவலையில்லை!"

நீதி: சரக்கு வந்து சேராவிட்டாலும் தாள் கட்டாயம் வந்து சேரும். ஆகவே எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடும் முன் தாளை ஒரு முறை கடித்துப் பார்க்கவும்.